முன்மாதிரித் தோல்வி

தன் தவறைச் சபையில் எடுத்து வைப்பவனே ஆசான். மற்றவர்கள் பாடம் நடத்தும் கூலியாட்கள். அறிவியல் ஆய்வுக்கூடத்தின் சுவரில், எலும்புக்கூட்டுப் படத்துக்கு நேர் மேலே, இந்த வாசகம் தங்க நிற எழுத்தில் மின்னிக்கொண்டிருந்தது. இயற்றியவர் மொழியாசிரியர். சென்ற மழைக்காலத்தில் அறிவியல் சாரின் குடையை எடுத்துக்கொண்டு போனதை அவர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

வாசகத்துக்குக் கீழே வெள்ளிக்கிழமைதோறும் கடைசி மணி அடித்ததும் ‘பகிர்வு வட்டம்’ கூடும். எல்லோரும் பெரிய மேடம் என்று கூப்பிடுகிற தலைமையாசிரியை ஒரு பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு வந்து தொடங்கியது அது. முகாமுக்குப் போனால் மற்றவர்கள் சளியோடு திரும்புவார்கள். பெரிய மேடம் திட்டத்தோடு திரும்புவார். சளியாவது ஒரு வாரத்தில் போய்விடும்.

ஆய்வுக்கூடத்து முக்காலிகளை வட்டமாகப் போட வேண்டும். வட்டத்தில் தலைமை கிடையாது, எல்லோரும் சமம். பெரிய மேடத்துக்கு முதுகுவலி என்பதால் அவருக்கு மட்டும் கைவைத்த நாற்காலி. வாரம் ஒருவர் தம் வகுப்பில் நேர்ந்த ஒரு தவறை வட்டத்தில் வைக்க வேண்டும். வைத்து முடித்ததும் எல்லோரும் கைதட்ட வேண்டும். அறையில் பேசியது அறையைத் தாண்டக் கூடாது.

அறிவியல் சார் வைத்த தவறு இது: “பசங்க கேள்வி கேட்டா பதில் சொல்லிட்டே இருக்கேன் மேடம். மணி அடிச்சதுகூடத் தெரியறதில்ல. பல நாள் சாப்பாடே கிடையாது.” கைதட்டினார்கள். அவருடைய தொப்பையும் சேர்ந்து குலுங்கியது.

மூன்றாம் வகுப்பு ஆசிரியையை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் வைத்தது: “பிள்ளைங்க மேல ரொம்பப் பாசம் வெச்சுடறேன். வருஷக் கடைசியில பிரியவே முடியல.” கைதட்டலோடு இரண்டு மூக்குறிஞ்சல்களும் கேட்டன.

மொழியாசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். “என் உயரத்திலிருந்தே நடத்திவிடுகிறேன். அந்த உயரத்துக்குப் பிள்ளைகள் ஏறி வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது என் தவறு.” அவர் வீட்டில் உப்பு கேட்பதும் இந்த நடையில்தான் என்று பேச்சு. நீண்ட கைதட்டல்.

விளையாட்டு வாத்தியார் மட்டும் சொதப்பினார். “எனக்கு எந்தத் தப்பும் தோணல மேடம். நான் பந்தைத் தூக்கிப் போடறேன். அவங்க விளையாடறாங்க.” யாரும் கைதட்டவில்லை. அடுத்த வாரம் நன்றாக யோசித்து வரச் சொல்லி உட்கார வைத்தார்கள்.

இந்த வட்டத்தில் கதவோரத்து முக்காலி கணக்கு டீச்சருடையது. அவர் ஏழாம் வகுப்பு பி பிரிவுக்கு வகுப்பாசிரியை. ஏ பிரிவு பள்ளிக்கூடத்தின் முகம், பி பிரிவு முகம் கழுவின தண்ணீர் என்று அறிவியல் சார் ஒருநாள் சொல்லி, தேநீர் குடித்துக்கொண்டிருந்த எல்லோருக்கும் புரையேறியது. கணக்கு டீச்சரும் சிரித்தார். சிரித்ததற்காக அன்று மாலை முழுக்கத் தன்மேலேயே எரிச்சலாக இருந்தார்.

பி பிரிவின் கடைசி மூன்று வரிசைகளுக்குக் கழித்தல் வராது. ஏழாம் வகுப்பில் கழித்தலா என்று கேட்கலாம். கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஐம்பத்திரண்டில் இருபத்தேழு போனால் முப்பத்தைந்து என்று எழுதுவார்கள். எண்பத்தொன்றில் நாற்பத்தாறு போனால் நாற்பத்தைந்து. அரை வருடம் வரை அதைக் கவனக்குறைவு என்றே நினைத்துச் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டுக்கொண்டிருந்தார் டீச்சர். ஒருநாள் மை தீர்ந்துவிட்டது. வேறு வேலையில்லாமல் போய்க் கடைசி வரிசையில் ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி போடுவதால் வகுப்பே அவளுக்கு வக்கீல் என்று பேர் வைத்திருந்தது.

“இந்த முப்பத்தஞ்சு எப்படி வந்துச்சு?”

“ரெண்டுலேர்ந்து ஏழு போகாது டீச்சர். அதனால ஏழுலேர்ந்து ரெண்டை எடுத்தேன். அஞ்சு.”

“போகாதுன்னு யாரு சொன்னா?”

“மூணாம் வகுப்புல டீச்சர் சொன்னாங்களே. சின்னதுலேர்ந்து பெருசு போகாது, போகவே போகாதுன்னு தினமும் சொல்ல வெச்சாங்க. போகாத ஊருக்கு நான் எதுக்கு டீச்சர் வழி கேக்கணும்?”

டீச்சர் மற்றவர்களிடமும் கேட்டார். பக்கத்துப் பெஞ்சு, அதற்குப் பின் பெஞ்சு, எல்லோரும் அதையே சொன்னார்கள். கவனக்குறைவு இல்லை. கவனம் கொஞ்சம் அதிகம். பாதி விதியை யாரோ சொன்னார்கள். மீதிப் பாதி, கடன் வாங்குவது, வந்த அன்று இவர்கள் காய்ச்சலில் படுத்திருந்தார்களோ, ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார்களோ. கேட்ட பாதியை நான்கு வருடமாகச் சத்தியம் போலக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள்.

மறுநாளே ஐஸ்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் போட்டுக் கட்டிக்கொண்டு வந்தார். ஒரு கட்டைப் பிரித்தால் பத்துக் குச்சி. இரண்டோடு சேர்த்தால் பன்னிரண்டு. இப்போது ஏழை எடு. வக்கீல் குச்சிகளை எண்ணிப் பார்த்தாள். “அப்ப போகும்னு சொல்லுங்க.” “போகும்.” “மூணாவதுலேயே சொல்லியிருக்கலாமே.” அன்று அவளுக்குப் போனது. மறுநாள் போகவில்லை. அடுத்த வாரம் பாதி நாள் போனது. கட்டிப்போன பூட்டில் எண்ணெய் விட்டுவிட்டுக் காத்திருக்கிற வேலை.

டீச்சருக்கு ஒரே ஒரு கவலை. எட்டாம் வகுப்பில் எண் போய் எழுத்து வந்துவிடும். ஐம்பத்திரண்டையே பிடிக்க முடியாத கை எக்ஸை எங்கே பிடிக்கும்? இந்தப் பிள்ளைகளோடு தானும் எட்டுக்குப் போனால் ஒரு வழி பண்ணலாம். அந்தப் பள்ளியில் அதற்கு இடம் உண்டு. பெரிய மேடம் சரி என்றால் வகுப்பாசிரியையே வகுப்போடு மேலே போகலாம். ஆனால் எட்டு பி வழக்கமாக, அந்த வருடம் புதிதாக வேலைக்கு வருகிற அப்பாவி யாருக்காவது போகும், ஒழுகுகிற அறை புது வாடகைக்காரருக்குப் போவது போல.

அவர் போய்க் கேட்டார். பெரிய மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“பி-யா? எல்லாரும் ஏ குடுங்கன்னு கேப்பாங்க. நீங்க என்னம்மா, உட்கார இடம் இருக்கும்போது நின்னுட்டே வர்றேன்னு அடம் பிடிக்கிறீங்க?”

“பாதியில விட்டா எல்லாம் வீணாப் போயிடும் மேடம்.”

“பார்ப்போம். ஒரு விஷயம் கேக்கணும். வட்டத்துல இதுவரைக்கும் நீங்க ஒரு தப்புகூட வைக்கலையே? ஒத்துழைப்புன்னு ஒண்ணு இருக்கில்ல?”

அந்த வெள்ளிக்கிழமை கணக்கு டீச்சர் தவறு வைத்தார். அங்கேதான் வினை. எப்படி வைப்பது என்று மற்றவர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கலாம். அவரோ நிஜமான தவறையே கொண்டு வந்துவிட்டார்.

“என் வகுப்புல கடைசி மூணு வரிசைக்குக் கழித்தல் வரல. அரை வருஷமா அதுக்குக் காரணமே தெரியாம வெறும் தப்பு போட்டுட்டு இருந்தேன். இப்பதான் தெரிஞ்சுது. என்னால தனியா முடியல. யாராவது ஒருநாள் வந்து உட்கார்ந்து பாருங்க. நான் எங்க விடறேன்னு சொல்லுங்க.” பையிலிருந்து ஐஸ்குச்சிக் கட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

எல்லோரும் முக்காலியின் கால்களைப் பார்த்தார்கள். கைதட்ட எங்கே இடம் என்று யாருக்கும் பிடிபடவில்லை. முதலில் அக்காவுக்குத்தான் குரல் வந்தது.

“அப்ப மூணாம் வகுப்புல நான் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன்னு சொல்ற?”

“ஐயோ இல்லக்கா. நீங்க சொன்னதுல பாதிதான் அவங்க காதுல...”

“என் தலை நரைச்சதே இந்தக் கழித்தல்லதான். நேத்து வந்தவ குச்சியைக் காட்டறா.”

“அக்கா, வீட்டுச் சூழல் சரியில்லன்னா எதுவுமே வராது. அதை விடுங்க” என்றார் அறிவியல் சார் சமாதானமாக.

“மொழி வளம் இல்லாத மண்ணில் கணிதம் வேர் பிடிக்காது” என்றார் மொழியாசிரியர்.

விளையாட்டு வாத்தியார் ஒரு குச்சிக் கட்டை எடுத்துப் பார்த்தார். “ஏன் டீச்சர், ஏழுலேர்ந்து ரெண்டை எடுக்கறது எந்தக் கணக்குல தப்பு? நான் படிச்சப்பவும் அப்படித்தான் போட்டிருப்பேன்.” இதற்கு மட்டும் எல்லோரும் மனம்விட்டுச் சிரித்தார்கள். அவர் உண்மையாகவே கேட்டிருந்தார். பதில் சொல்ல டீச்சர் வாயைத் திறப்பதற்குள் நாற்காலியிலிருந்து ஒற்றைக் கைதட்டல் கேட்டது.

“தோல்வி!” என்றார் பெரிய மேடம். கண்கள் பளபளத்தன. “நிஜமான தோல்வி! இத்தனை மாசமா இதைத்தான் தேடிட்டு இருந்தேன்.”

உடனே எல்லோரும் தட்டினார்கள். அக்கா மட்டும் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தார். அறையில் பேசியது அறையைத் தாண்டக் கூடாது என்பதால், டீச்சர் வாசலுக்கு வருவதற்கு முன்பே காவலாளிக்குச் செய்தி போய்விட்டிருந்தது. “என்ன டீச்சர், உங்க பிள்ளைங்களுக்குக் கழித்தலே வராதாமே?” என்று அவர் துக்கம் விசாரித்தார்.

பெரிய மேடத்தின் பரவசத்துக்குக் காரணம் திங்கட்கிழமை தெரிந்தது. கல்வி அதிகாரி வரப்போகிறார். பகிர்வு வட்டம் அவர் மனத்துக்குப் பிடித்துவிட்டால் வட்டாரத்துக்கே முன்மாதிரி. அதற்கு ஒரு தோல்வி வேண்டும், அந்தத் தோல்வியை வட்டம் குணப்படுத்தியிருக்கவும் வேண்டும். அளவுக்கு மீறிய பாசத்தையும் மொழியாசிரியரின் உயரத்தையும் எப்படிக் குணப்படுத்திக் காட்டுவது?

“தோல்வி நம்மகிட்ட இருக்கு. தீர்வுதான் வேணும்” என்றார்.

“தீர்வுக்கு நாளாகும் மேடம். அடுத்த வருஷம் நடுவுலதான் கொஞ்சம்...”

“அடுத்த வருஷம் அதிகாரி மாறிடுவாரும்மா.”

ஏழு பி-யில் ஒரு மாதிரி வகுப்பு என்று முடிவாயிற்று. அறிவியல் சார் திரையில் காட்டுவதற்குப் படங்கள் தயாரித்தார். ஒவ்வொரு படத்திலும் ஒரு மூலையில் அவர் இருந்தார். மொழியாசிரியர் ‘கழித்தல் போற்றுதும்’ என்று ஒரு பாட்டு எழுதி, பிள்ளைகளை நெஞ்சில் கை வைத்துப் பாட வைத்தார். அக்கா, கோபம் கோபமாக இருந்தாலும், தெர்மாகோலில் ஓர் ஆளுயர மைனஸ் குறி செய்து கொடுத்தார். கணக்கு டீச்சர் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஒத்திகையன்று வகுப்பில் நின்றால் போதும் என்றார்கள்.

ஒத்திகையைக் கடைசி மூன்று வரிசைகள் கெடுத்தன. பாட்டு முடிந்ததும் வக்கீல் கையைத் தூக்கினாள். “டீச்சர், கடன் வாங்கறோம் சரி. எப்ப திருப்பிக் குடுக்கறது?” நல்ல கேள்வி. கணக்கு டீச்சருக்கு அதைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நடத்தலாம் போலிருந்தது. பெரிய மேடம் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

மாலையில் அறைக்குக் கூப்பிட்டார். “அந்த மூணு வரிசையும் அன்னிக்கு ஒரு மணி நேரம் மைதானத்துல இருக்கட்டும். விளையாட்டு வாத்தியார் பாத்துப்பார். ஏ-லேர்ந்து பிள்ளைங்களைக் கொண்டுவந்து அந்த இடத்துல உட்கார வெச்சுடலாம்.”

“மேடம், பாடமே அவங்களுக்குத்தானே.”

“பாடம் அவங்களுக்குத்தான். வகுப்பு அதிகாரிக்கு.”

“நான் எப்படி அவங்களைப் போய் வெளியே...”

“எட்டு பி வேணுமா, வேண்டாமா?”

டீச்சர் வீட்டுக்கு வந்து கைப்பையைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்று இதைச் சொன்னார். கணவர் பிரிட்ஜ் மெக்கானிக். வீட்டுப் பிரிட்ஜின் பின்பக்கத்தைத் திறந்து போட்டு உட்கார்ந்திருந்தார். ஊர் பிரிட்ஜெல்லாம் ஓடும். அது மட்டும் ஓடாது.

“கம்ப்ரஸர் போன பெட்டிக்குப் புது ஸ்டிக்கர் ஒட்டி விக்கிற வேலைன்னு சொல்லு” என்றார்.

“அப்படிச் சொல்லாதீங்க.”

“வேற எப்படிச் சொல்றது? சும்மா இருந்திருக்கலாம். எல்லாரும் பாசம் அதிகம், சாப்பாடு இல்லன்னு சொல்றப்ப நீயும் ஏதாவது ஒண்ணை அடிச்சு விட்டிருக்கலாம். வேலியில போன ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டு இப்ப குடையுது குடையுதுன்னா?”

“ஒரு மணி நேரம்தானே. அதைக் குடுத்து ஒரு வருஷத்தை வாங்கிடறேன். நஷ்டமா?”

அவர் ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்தார். “நீ கணக்கு டீச்சர். உன் கணக்கு சரியாத்தான் இருக்கும். அந்தப் பிள்ளைங்ககிட்ட யார் சொல்லப் போறது?”

டீச்சர் கைப்பையைக் கழற்றி மாட்டினார்.

சொன்னதும் அவர்தான். மாதிரி வகுப்பன்று காலையில், முகத்தில் ஒரு புன்னகையை ஏற்றிக்கொண்டு, “கடைசி மூணு வரிசைக்கு இன்னிக்கு விளையாட்டு!” என்றார். பையன்கள் பெஞ்சைத் தட்டினார்கள். வக்கீல் தட்டவில்லை.

“எங்களுக்கு மட்டுமா டீச்சர்?”

“ஆமா.”

“தெரியாதவங்க நாங்கதானே? தெரிஞ்சவங்களை விளையாட விட்டுட்டு எங்களை உட்கார வைங்களேன்.”

“வாதாடாதே வக்கீல். பையையும் எடுத்துட்டுப் போ. பெஞ்சு காலியா இருக்கணும்.”

அவள் பையை எடுத்தாள். வெளியே போகும்போது ஏ பிரிவுப் பிள்ளைகள் இஸ்திரி போட்ட சட்டைகளோடு உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு வழிவிட்டுச் சுவரோரம் ஒதுங்கி நின்றாள்.

மாதிரி வகுப்பில் யாரும் எதிர்பாராத ஒரு சிக்கல் வந்தது. முதல் பாதியில் பிள்ளைகள் தவறு செய்ய வேண்டும், வட்டத்தின் உத்திகள் புகுந்த பிறகு சரியாகச் செய்ய வேண்டும் என்று ஏற்பாடு. ஏ பிரிவில் முதல் மாணவனுக்குத்தான் முதல் தவறு ஒதுக்கப்பட்டிருந்தது. வாழ்நாளில் அவன் தவறான விடை சொன்னதில்லை. ஒதுக்கிய அன்றே “மேடம், ஆனா அது இருபத்தஞ்சு” என்று தனியாக வந்து முறையிட்டிருந்தான்.

“ஐம்பத்திரண்டுலேர்ந்து இருபத்தேழு போனா?” என்று கேட்டார் டீச்சர்.

அவன் எழுந்தான். பின்னால் நின்ற பெரிய மேடத்தைப் பார்த்தான். முகம் சிவந்தது. “முப்பத்தஞ்சு” என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதுவிட்டான்.

அதிகாரி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். பாட்டு, படங்கள், ஆளுயர மைனஸ் எல்லாம் ஆன பிறகு அதே கேள்வியைக் கேட்டபோது பையன் பெஞ்சுமேலேயே ஏறி நின்று “இருபத்தஞ்சு! இருபத்தஞ்சு!” என்று கத்தினான். மானம் திரும்பி வந்த சந்தோஷம். அதிகாரி, பார்க்க வந்திருந்த பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியரின் தொடையைத் தட்டி, “பாத்தீங்களா அந்த முகத்தை? இதுதான் சார் கல்வி” என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

எல்லாம் முடிந்து காருக்குப் போகிற வழியில் மைதானம் இருந்தது. மைதானத்தில் மூன்று வரிசைப் பிள்ளைகள் இருந்தார்கள்.

“இவங்க யாரு?” என்றார் அதிகாரி.

“ஏழு பி சார்” என்றார் விளையாட்டு வாத்தியார். அவருக்கு ஒத்திகை தரப்படவில்லை.

“அப்ப உள்ள இருந்தது?”

“அதுவும் ஏழு பி சார்.”

ஓடிவந்து நின்ற வக்கீலுக்கு மூச்சு வாங்கியது. “உள்ள இருந்தது பாக்கறதுக்கு சார். நாங்க தினமும் வர்றதுக்கு.”

குட்டு உடைந்துவிடும், இதோ உடையப் போகிறது என்று கணக்கு டீச்சர் நினைத்தார். அவமானம்தான், ஆனால் உடைந்தால் நாளைக் காலையில் ஐஸ்குச்சியோடு வகுப்புக்குப் போய்விடலாம். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால்கூடப் போதும். பெரிய மேடம் முந்திக்கொண்டார்.

“குழுவாப் பிரிச்சு நடத்தறோம் சார். இது திறந்தவெளிக் குழு.”

அதிகாரி மைதானத்தையும் பிள்ளைகளையும் பந்தையும் மாறி மாறிப் பார்த்தார். “அற்புதம்” என்றார். “இதையும் அறிக்கையில சேத்துடுங்க.” கார் கதவு சாத்திக்கொண்டது.

விடுமுறைக்கு முன்பே ஆணை வந்தது. கணக்கு டீச்சர் மாற்றுப் பணியில் வட்டாரப் பயிற்றுநர். பள்ளி பள்ளியாகப் போய்ப் பகிர்வு வட்டங்களைத் தொடங்கி வைத்து, தம் தோல்வியை எடுத்துச் சொல்ல வேண்டும். ஆணையை எடுத்துக்கொண்டு அவர் பெரிய மேடத்தின் அறைக்கு ஓடினார்.

“மேடம், எட்டு பி எனக்குன்னு சொன்னீங்களே.”

“உங்களுக்குத்தான். குடுத்த வாக்கு மாறுவேனா? வகுப்பாசிரியைன்னு உங்க பேர்தான் இருக்கும். நீங்கதான் இருக்க மாட்டீங்க.”

“யாரு நடத்துவாங்க?”

“அந்த நேரத்துல யாரு ஓய்வா இருக்காங்களோ அவங்க போய் உட்காருவாங்க.”

“எனக்கு இந்தப் பதவி வேண்டாம் மேடம். எழுதிக் குடுத்துடறேன்.”

பெரிய மேடம் இரக்கத்தோடு பார்த்தார். இரக்கம் பொய்யில்லை. “எழுதிக் குடுக்கலாம். ஏன் வேண்டாம்னு கேப்பாங்க. அன்னிக்கு அந்த வகுப்புல யாரு உட்கார்ந்திருந்தாங்கன்னும் கேப்பாங்க. பெஞ்சைக் காலி பண்ணச் சொன்னது யாருன்னும் கேப்பாங்க. என்னம்மா சொல்றீங்க?”

டீச்சர் பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போட்டார்.

முதல் சில பள்ளிகளில் ஐஸ்குச்சிகளை எடுத்துப் போனார். பாதி விதி எப்படிப் பிள்ளையைச் சிறை வைக்கிறது என்று விளக்கினார். ஆசிரியர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். பையன் அழுத கட்டம் வந்ததும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பேச்சில் அந்தக் கட்டம் மெல்ல முன்னுக்கு நகர்ந்து வந்தது. குச்சிகள் பின்னுக்குப் போயின, பிறகு பைக்குள்ளேயே இருந்தன, பிறகு வீட்டில் இருந்தன. கணவர் ஒரு கட்டைப் பிரித்து, ஆடுகிற பிரிட்ஜின் காலுக்கு முட்டுக் கொடுத்தார். “இப்ப நிக்குது பாரு” என்றார்.

எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரல் தழுதழுக்க வேண்டும் என்று டீச்சருக்குக் கைவந்தது. ஒப்புக்கொள்ள வேண்டியதுதான், நன்றாகவே செய்தார். “உங்க தோல்வி ரொம்ப நல்லா இருந்துச்சு டீச்சர். எங்களுக்கெல்லாம் இப்படி ஒண்ணு அமைய மாட்டேங்குது” என்று ஒரு பள்ளியில் ஓர் இளம் ஆசிரியை அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். தேநீரோடு தரப்பட்ட பிஸ்கட்டும் முன்பைவிட உயர்ந்த ரகமாகிவிட்டது. இடையிடையே எட்டு பி நினைவுக்கு வரும். வரும் வெள்ளிக்கிழமை போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைப்பார். வெள்ளிக்கிழமைதான் எல்லாப் பள்ளியிலும் வட்டம் கூடும் நாள்.

கடைசியில் போக வாய்த்தது. வட்டத்தின் வெற்றியைக் கல்வித் துறை படமெடுக்க விரும்பியது. கணக்கு டீச்சர் தம் சொந்த வகுப்பில், தம் சொந்தப் பிள்ளைகளோடு இருக்கும் காட்சி வேண்டும் என்றார்கள். ஒரு கேமராக்காரர், விளக்குப் பிடிக்க ஒருவர், பெரிய மேடம் எல்லோரும் முன்னே போக, டீச்சர் எட்டு பி-க்குள் நுழைந்தார்.

கரும்பலகையில் யாரோ புத்தகத்திலிருந்து ஒரு சமன்பாட்டை எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். எக்ஸ் இருந்தது, விடை இருந்தது, நடுவில் ஒன்றும் இல்லை. பிள்ளைகள் எழுந்து நின்று, பள்ளிக்கூடத்துக்கு விருந்தினர் வரும்போது இழுத்துச் சொல்கிற ராகத்தில் “வ...ண...க்க...ம்” என்றார்கள். எல்லோரும் வளர்ந்திருந்தார்கள். டீச்சர் “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டார். அதற்குப் பதில் ராகம் கற்றுத்தரப்படாததால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கேமராக்காரர் கேமராவின் மூன்றுகால் ஸ்டாண்டை விரித்து நிறுத்தினார். விளக்கு எரிந்தது. அதைப் பார்த்ததும் கடைசி மூன்று வரிசைகள் குனிந்தன. பெஞ்சுக்கு அடியிலிருந்து பைகளை எடுத்தன. யாரும் போகச் சொல்லவில்லை. பெரிய மேடம்கூட ஜன்னல் திரையைச் சரிசெய்துகொண்டுதான் இருந்தார். ஒருவர் பின் ஒருவராகப் பின்கதவு வழியே மைதானத்துக்கு இறங்கினார்கள். கடைசியாகப் போனது வக்கீல். டீச்சர் அவளிடம் ஏதோ சொல்லக் கையை நீட்டினார்.

“நீங்க ஆரம்பிங்க டீச்சர்” என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. “ஏ-லேர்ந்து இப்ப வந்துடுவாங்க.”

“வக்கீல், உனக்கு இப்ப அந்தக் கழித்தல்...”

“மேடம், விளக்கு சூடாகுது” என்றார் கேமராக்காரர்.

வக்கீல் இறங்கிப் போய்விட்டாள். மைதானத்துச் சத்தம் ஒலிப்பதிவில் விழும் என்று பின்கதவைத் தாழ் போட்டது கணக்கு டீச்சர்தான்.